முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு எம்சிஎஸ்ஏ

திருப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில், கண்ணாடி ஃப்ரேம் போட்ட என் சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. எம்சிஎஸ்ஏ, விண்டோஸ் சர்வர் 2012. மைக்ரோசாஃப்ட் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று அந்தக் கம்பெனியே தேர்வு வைத்துக் கொடுத்த சான்று. வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும்போது அம்மா அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். நல்லவேளை, பொட்டு வைப்பதில்லை. எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ என்ற அந்த வரிசையையே மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

போன மாதம் இரவு ஷிஃப்டில், டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி கேட்டான். "அண்ணா, அடுத்து எந்த சர்டிஃபிகேஷன் எழுதலாம்? அஸூர் 104-ஆ, ஏடபிள்யூஎஸ்-ஆ, ரெட் ஹேட்டா?" அஸூர் மைக்ரோசாஃப்டின் கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு விடும் சர்வர்கள். ஏடபிள்யூஎஸ் அமேசானுடையது. ரெட் ஹேட் ஒரு லினக்ஸ் கம்பெனி. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்டா" என்று நழுவினேன். நழுவியதற்குப் பரிகாரம்தான் இந்தக் கட்டுரை.

2012-இல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். மாதம் 9,000 ரூபாய். பதவி 'சிஸ்டம் அட்மின்'. வேலை, பிரின்டருக்கு டோனர் மாற்றுவதில் ஆரம்பித்து சர்வர் வரைக்கும். சர்வர் ரூம் என்பது அதற்கு முன்பு ஜிப்பும் பட்டனும் அடுக்கி வைத்திருந்த ஆக்சசரீஸ் ஸ்டோர். அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் போன நேரத்தைவிட வந்த நேரத்தை எண்ணுவது சுலபம். யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததிலிருந்து ஜெனரேட்டர் எடுக்கும்வரை ரேக்குக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலையில் ஒன்று.

ஏன் எம்சிஎஸ்ஏ எழுதினேன்? பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த பயிற்சி மையத்தில் அந்த போர்டுதான் மாட்டியிருந்தார்கள். நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான். 70-410, 70-411, 70-412 என்று மூன்று தேர்வுகள். மூன்றுக்குமான கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. பாதி அப்பா கொடுத்தார், பாதி அம்மாவின் சீட்டுப் பணம். ஃப்ரேம் போட்டது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த மையத்தில் பாடத்தோடு ஒரு பிடிஎஃப்பும் கொடுத்தார்கள். டம்ப்ஸ் என்பார்கள். தேர்வில் வந்த கேள்விகளை யாரோ மனப்பாடம் செய்து கொண்டுவந்து, விடையோடு தொகுத்து, கைமாற்றி விற்பது. நானும் அதைத்தான் படித்தேன். 1000-க்கு 700 எடுத்தால் பாஸ், மூன்றிலும் தாண்டினேன்.

அப்படி மனப்பாடம் செய்தவற்றில் ஒன்று: டொமைன் கன்ட்ரோலர் ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருந்து, அதைப் பழைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பினால், ஆக்டிவ் டைரக்டரியைக் காப்பாற்றுவது விஎம் ஜெனரேஷன் ஐடி. கம்பெனியின் பயனர் பெயர், பாஸ்வேர்டு பட்டியல்தான் ஆக்டிவ் டைரக்டரி, அதை வைத்திருக்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர். விர்ச்சுவல் மெஷின் ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், ஸ்நாப்ஷாட் அதன் ஒரு நேரத்து நிலையின் நகல். பின்னால் திருப்பியதைக் கன்ட்ரோலருக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாள எண் அந்த ஐடி. நல்ல விடை, சரியான விடை. 2014 கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஆன்டிவைரஸ் அப்டேட் ஒன்று போட்டதும் எங்கள் டொமைன் கன்ட்ரோலர் தவழ ஆரம்பித்தது. ஒன்பது நாள் பழைய ஸ்நாப்ஷாட் கையில் இருந்தது. சர்டிஃபிகேட் வாங்கிய ஆள் அல்லவா, யோசிக்காமல் அதற்குத் திருப்பிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். அந்தப் பாதுகாப்பு விண்டோஸ் சர்வர் 2012-இல்தான் வந்தது. எங்கள் ரேக்கில் ஓடிக்கொண்டிருந்ததோ 2008 ஆர்2.

என்ன ஆனது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். ஊரில் டிசி என்றால் டொமைன் கன்ட்ரோலர் இல்லை, டெலிவரி சலான். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது வரிசை எண் போட்டு டிசி எழுதுவோம். எண் 500 வரைக்கும் எழுதிய பிறகு யாரோ பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, நாம் 400-இலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தால் என்ன நடக்கும்? புதுத் துணிக்கு 450 என்று டிசி போகும். பட்டறைக்காரர் தன் நோட்டைப் பார்த்து, "450 வந்து சேர்ந்து பத்து நாளாச்சுங்க" என்று லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார். டொமைன் கன்ட்ரோலர்களும் தங்கள் மாற்றங்களுக்கு இப்படித்தான் எண் போட்டு ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. ஸ்நாப்ஷாட் போட்டு நான் எண்ணைப் பின்னால் ஓட்டிவிட்டேன். இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் எங்கள் சாயப்பட்டறை யூனிட்டில் இருந்தது. திங்கட்கிழமை காலை அங்கே சேர்த்த பெயர் இங்கே வரவில்லை, இங்கே மாற்றிய பாஸ்வேர்டு அங்கே போகவில்லை. ஈவென்ட் லாகில் 2095 என்று ஒரு எண் சிவப்பாக நின்றது. யுஎஸ்என் ரோல்பேக், அதாவது அந்த வரிசை எண் பின்னால் ஓடிய கோளாறு.

அன்றைக்குக் கை கொடுத்தவர் கோயம்புத்தூரிலிருந்து எப்போதாவது வரும் ஒரு ஹார்டுவேர் சப்ளையர். ஐம்பது வயது. போனில் நான் பாதி சொல்வதற்குள், "ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்புனீங்களா தம்பி?" என்றார். மூன்று இரவு கூடவே உட்கார்ந்தார். கெட்டுப்போன கன்ட்ரோலரை வலுக்கட்டாயமாக டொமைனிலிருந்து இறக்கி, அது வைத்திருந்த ரோல்களை அடுத்ததற்குப் பறித்துக் கொடுத்து, மிச்ச மீதித் தடயங்களை என்டிடிஎஸ்யூட்டில் என்ற கருவியில் துடைத்து, பிறகு புதிதாக ஏற்றினோம். கடைசி நாள் விடிகாலையில், இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். மைக்ரோசாஃப்ட் தேர்வு எதுவும் எழுதியதில்லையாம். தொண்ணூறுகளில், நெட்வேர் என்ற சர்வர் மென்பொருளை விற்ற நோவெல் கம்பெனியின் சிஎன்இ சான்றிதழ் முடித்தவர். நெட்வேர் 4 கூடவே 1993-இல் நோவெல் டைரக்டரி சர்வீஸ் கொண்டுவந்தபோது ஒரே டைரக்டரியின் நகல்களைப் பல சர்வர்களில் வைத்துப் பராமரிக்கும் தலைவலியை ஆற அமரப் படித்திருக்கிறார். "நெட்வேர் போயிருச்சுங்க தம்பி. ரெப்ளிகாவோட புத்தி போகல" என்றார்.

செத்துப்போன சான்றிதழ் வைத்திருந்தவருக்கு வேலை தெரிந்திருந்தது. மை காயாத சான்றிதழ் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. அப்போது அவமானம்தான் மிஞ்சியது, வேறொன்றும் புரியவில்லை.

2016-இல் சென்னைக்கு வந்தேன். அடுத்தவர்களின் சர்வர்களை மாதக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி. மேனேஜ்டு சர்வீசஸ் என்று கௌரவமாகச் சொல்வார்கள். எல்2, அதாவது இரண்டாம் நிலை சப்போர்ட் எஞ்சினியர், சுழற்சி ஷிஃப்ட். விண்டோஸ்காரனாக வந்த என் தலையில் விழுந்தது பெரும்பாலும் சென்ட்ஓஎஸ் 6, 7. ரெட் ஹேட் லினக்ஸின் இலவச மறுபதிப்பு. லினக்ஸில் எனக்கு இரண்டு வாரத்தில் ஒரு சர்வரோக நிவாரணி கிடைத்தது. வெப்சைட் 403 (அனுமதி இல்லை) காட்டுகிறதா, செட்என்ஃபோர்ஸ் 0. அப்ளிகேஷன் லாக் எழுத மறுக்கிறதா, செட்என்ஃபோர்ஸ் 0. டேட்டாபேஸை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தியதும் எழ மாட்டேன் என்கிறதா, அதே மருந்து. லினக்ஸின் பாதுகாப்புக் காவலாளியான எஸ்இலினக்ஸை மயக்கத்தில் போடும் கட்டளை அது. அடித்ததும் எல்லாம் ஓடும். டிக்கெட்டை, அதாவது வாடிக்கையாளரின் புகாரை, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

எங்கள் டீம் லீடை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். 2018 அப்ரைசலுக்கு முன் என்னை உட்கார வைத்து நான் மூடிய டிக்கெட்டுகளைத் திறந்தார். ஒரே வாக்கியம் இருபது முப்பது இடத்தில் இருந்தது: எஸ்இலினக்ஸ் முடக்கப்பட்டது, பிரச்சினை தீர்ந்தது. நான் சமாளிக்கும் விதமாக, "அக்கா, ஏதாவது சர்டிஃபிகேஷன் எழுதலாம்னு இருக்கேன், எதுன்னுதான் தெரியல" என்றேன். அவர் சொன்னது: "எதுன்னு அப்புறம் பார்க்கலாம். இந்த ஆறு மாசத்துல எதையெல்லாம் சுத்தி வளைச்சுப் போனேன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுது."

எழுதினேன். எஸ்இலினக்ஸ். நெட்வொர்க் வாசலைக் காக்கும் ஃபயர்வால்டி. டிஸ்க்கைப் பங்கிடும் எல்விஎம்மில் இடம் கூட்டுவது (செய்முறை தெரியும், தைரியம் கிடையாது). பூட் ஆகாமல் நிற்கும் மெஷின். வெப்சைட் இணைப்பைப் பூட்டும், காலாவதியாகும் டிஎல்எஸ் சான்றிதழ்கள். புது இணைய முகவரி முறையான ஐபிவி6. அக்கா அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு ரெட் ஹேட் தளத்தில், அவர்களுடைய லினக்ஸ் அட்மின் சான்றிதழான ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வின் பாடத்திட்டத்தைத் திறந்தார். தேர்வு எண் ஈஎக்ஸ்200. அதில் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள், ரகசியம் ஒன்றுமில்லை. என் ஆறில் முதல் நான்கு அப்படியே அங்கே இருந்தன. "ஆறுக்கு நாலு. இதுதான் உன்னோடது" என்றார். அவ்வளவுதான் தேர்வு முறை. எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு சம்பளம் என்ற பட்டியல்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. எனக்கு உதவியது நான் ஓடி ஒளிந்தவற்றின் பட்டியல்.

வேலையில் இருப்பவனுக்கு இது ஏன் முக்கியம் என்றால், வேலை நாம் தவிர்ப்பதைத் தவிர்க்க விடுகிறது. டிக்கெட்டுக்கு நேரக் கணக்கு ஓடும்போது குறுக்கு வழிதான் புத்திசாலித்தனம். ஓடுகிற சர்வரில் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலின் முதல் மந்திரம், அதுவும் சரிதான். பத்து வருஷம் ஒரே மூன்று விஷயங்களை நன்றாகச் செய்துகொண்டு, மிச்சத்தின் பக்கம் போகாமலே சீனியர் ஆகிவிடலாம். ஆகியிருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு எஸ்இலினக்ஸோடு உட்கார்ந்தேன். முதல் வாரத்திலேயே மானம் போனது. இவ்வளவு எளிதான ஒன்றையா இரண்டு வருஷமாகப் பேயாகப் பார்த்தேன்? ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு லேபிள். இந்த லேபிள்காரன் அந்த லேபிளைத் தொடலாமா கூடாதா என்று ஒரு விதிப் புத்தகம். அப்பாச்சி என்ற வெப் சர்வர் தனக்கென்று லேபிள் போட்ட வெப் ஃபைல்களைப் படிக்கும். உங்கள் ஹோம் டைரக்டரியில் செய்த பக்கத்தை எம்வி கட்டளையால் வெப் டைரக்டரிக்கு நகர்த்தினால், ஃபைல் பழைய வீட்டு லேபிளோடேயே வந்து நிற்கும். பெர்மிஷன் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் 403. அதையே சிபி கட்டளையால் நகல் எடுத்திருந்தால் போன இடத்து லேபிள் தானாக ஒட்டியிருக்கும். எம்விக்கும் சிபிக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை சர்வர்களின் காவலாளியைத் தூங்க வைத்திருக்கிறேன்! ரீஸ்டோர்கான் என்று ஒரு வரி அடித்தால் லேபிள் சரியாகிவிடும். எது தடுக்கப்பட்டது, ஏன் என்று ஆடிட் லாகில் அது ஒவ்வொரு தடவையும் எழுதித்தான் வைத்திருக்கிறது. நான் ஒரு தடவையும் படிக்கவில்லை.

படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு டிக்கெட் வந்தது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தரகராக, நிற்கிறது, பின்னால் அப்ளிகேஷன் ஆரோக்கியமாக ஓடுகிறது, ஆனால் வெளியே 502, பின்னால் இருப்பதிலிருந்து பதில் வரவில்லை என்று. பக்கத்து நாற்காலிக்காரர் வழக்கமான மருந்தை டைப் அடிக்கவே ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொல்லி ஆடிட் லாகைத் திறந்தேன். வெப் சர்வர் தானாக வெளியே இணைப்பு எடுக்கக் கூடாது என்பது இயல்பு நிலை விதி, அதைத் திறக்க பூலியன் என்று ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச் உண்டு. செட்எஸ்இபூல் ஒரு வரி, ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க -பி. நான்கு நிமிஷம். மூடும் குறிப்பில் காரணத்தை எழுதினேன். அக்கா அதற்கு ஒரு தம்ஸ்-அப் போட்டிருந்தார். அந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்தவற்றில் அதுதான் பெரிய விருது.

சரி, தேர்வு. 2019-இல் ரெட் ஹேட் 7-க்கு எழுதினேன். இரண்டரை மணி நேரம். ஏ, பி, சி, டி கிடையாது. உண்மையான மெஷின், செய்ய வேண்டிய வேலைகள். இணையம் இல்லை, லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கையேடான மேன் பேஜ் உண்டு. 300-க்கு 210 வேண்டும். செய்த எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்பது விதி. என்ன கேட்டார்கள் என்று எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் முட்டாள்தனத்தை எழுதத் தடையில்லை.

எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். நன்றாகவே முடித்திருந்தேன். பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ரீபூட் கொடுத்தேன். மெஷின் எழவில்லை. எமர்ஜென்சி மோட். எந்த டிஸ்க் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடியைக் கையால் டைப் அடித்திருந்தேன், ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அந்த ஃபைலில் உள்ளபடி டிஸ்க்குகளைச் சேர்த்துப் பார்க்கும் மவுன்ட் -ஏ கட்டளையை ஒரு தடவை அடித்துப் பார்த்திருந்தால் அப்போதே கத்தியிருக்கும். ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் அந்த வரியைத் திருத்தினால் போதும் என்பதும் தெரியும். என் பட்டியலில் நான்காவதாக எழுதி, வீட்டில் இருபது தடவை பழகியதுதான். கை நடுங்கியதில் பாஸ்வேர்டையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன். நேரம் முடிந்தது. வந்த மார்க்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டணம் என் ஒரு மாத வாடகையைவிட அதிகம் என்பதை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது தடவை, ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ரீபூட். ஏழு தடவை. பாஸ்.

இன்றைக்கும் வாடிக்கையாளர் சர்வரில் எஃப்எஸ்டேப்பைத் தொட்டால் விரல் தானாக மவுன்ட் -ஏ அடிக்கிறது. டம்ப்ஸ் படித்து எழுதிய மூன்று தேர்வுகளில் ஒன்றும் இப்படி விரலில் ஏறவில்லை.

2020 டிசம்பர் 8-ஆம் தேதி இன்னொரு கூத்து. 2029 வரைக்கும் வரும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 கடைசியோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் மைக்ரோசாஃப்ட் என் ஃப்ரேமில் இருந்த சான்றிதழ் வரிசையையே மூடியது. ஊரே புலம்பியது. ஆனால் எங்கள் டீமில் நடந்தது என்ன? சென்ட்ஓஎஸ் இருந்த இடத்தில் அதே வகை லினக்ஸ்களான ராக்கியும் ஆல்மாவும் வந்து உட்கார்ந்தன, லேபிளும் எல்விஎம்மும் ஃபயர்வால்டியும் அப்படியே இருந்தன. இந்தப் பக்கம் சான்றிதழ் போனது, 2008 ஆர்2 சர்வர்கள் போகவில்லை. வாடிக்கையாளர் ஒருவரிடம் இன்னும் ஒன்று ஓடுகிறது, பெயர் சொல்ல மாட்டேன்.

சான்றிதழ்களுக்கு ஆயுசு குறைவு. ஆர்ஹெச்சிஎஸ்ஏவுக்கு மூன்று வருஷம். மைக்ரோசாஃப்டின் இப்போதைய அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ்களுக்கு ஒரு வருஷம், ஆனால் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம், அது நியாயம்தான். என்னுடைய ஆர்ஹெச்சிஎஸ்ஏ 2022-இல் முடியப் போனபோது அடுத்த படியான ஆர்ஹெச்சிஇ எழுதினால் இரண்டும் சேர்ந்து நீளும் என்பதால் எழுதினேன். முன்பெல்லாம் அந்தத் தேர்வு ஒரு மெஷினில் சர்வீஸ்களைக் கையால் நிறுவிக் காட்டுவது. ரெட் ஹேட் 8 வந்தபோது ஈஎக்ஸ்294 என்று மாற்றி, பல சர்வர்களுக்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துச் செய்யவைக்கும் ஆன்சிபிளாக முழுக்க ஆக்கிவிட்டார்கள். நான்கு மணி நேரம் அதன் யாமல் ஃபைலில் இடைவெளி எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற எங்கள் தொழில் எப்போது ஐம்பது சர்வருக்கு எழுதி வைக்கிறவன் என்று மாறியது என்பதை அந்த ஒரு பாடத்திட்ட மாற்றத்தில் பார்க்கலாம். சும்மா வாசிப்பதற்கே பாடத்திட்டங்கள் நல்லவை. தேர்வு எழுதாவிட்டாலும் பைசா செலவில்லை.

யார் கேட்டு எழுதுகிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. திடீரென்று மேனேஜர் வந்து, "இந்தக் குவார்ட்டருக்குள்ள நம்ம டீம்ல அஞ்சு பேர் அஸூர் முடிக்கணும்" என்றால், உங்கள் வளர்ச்சியில் அவருக்கு அக்கறை பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களின் பார்ட்னர் அந்தஸ்துக்கு இத்தனை பேர் சான்றிதழோடு இருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. அதில் தப்பில்லை, அவர்கள் காசில் எழுதிக்கொள்ளலாம். நான் ஒரு கம்பெனியில் அப்படி எழுதினேன். தேர்வுக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வருஷ பாண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே போகும்போது கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கிளவுடுக்கு வருகிறேன், தம்பி கேட்டது அதைத்தானே. ஏடபிள்யூஎஸ்ஸில் எல்லோரும் ஓடுவது சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பக்கம். 65 கேள்வி, 130 நிமிஷம், 1000-க்கு 720. ஹெச்ஆர் தேடும் சொல் அதுதான், ரெஸ்யூமே வடிகட்டியைத் தாண்ட உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதன் கேள்விகள் எதைக் கட்டலாம் என்பதைப் பற்றியவை. கட்டியது ராத்திரி இரண்டு மணிக்கு நின்றால் என்ன என்பது சிஸ்ஆப்ஸ் தேர்வில்தான் இருந்தது. இப்போது கிளவுட்ஆப்ஸ் எஞ்சினியர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சர்வர் அட்மினுக்கு அதுவே பக்கத்து வீடு. அப்ளிகேஷன்களைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் கூபர்நெட்டிஸ் கையில் விழுந்திருந்தால் அதன் அட்மின் சான்றிதழான சிகேஏ. இரண்டு மணி நேரம், முழுக்கச் செய்முறை, கூபர்நெட்டிஸின் சொந்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம், தோற்றால் ஒரு தடவை இலவசமாக மறுபடி எழுதலாம். அந்த இலவச வாய்ப்பு 2019-இல் எனக்குக் கிடைத்திருந்தால் ஒரு மாத வாடகை மிஞ்சியிருக்கும். காம்ப்டியா என்ற அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வேலைகளில் மதிப்பு அதிகம். சென்னையில் நான் பார்த்த சர்வர் அட்மின் விளம்பரங்களில் அபூர்வம். விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் விற்கும் விஎம்வேர் பற்றிக் கேட்பவர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை. 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியதிலிருந்து எங்கள் வாடிக்கையாளர்கள் லைசென்ஸ் பில்லைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் தேவைதான், ஆனால் காலி செய்து கொடுப்பதற்கு.

போன வாரம் தம்பியிடம், எதுன்னு அப்புறம் பார்க்கலாம், முதலில் பேப்பரில் எழுதிக் கொண்டுவா என்றேன். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கட்டம் போட்ட நோட்டில் எட்டு வரி. பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து பார்த்ததே இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டிருந்தான். முதல் வரி, வெப்சைட் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்.

என்னுடைய பழைய பேப்பரைத் தேடி எடுத்தேன். ஐந்தை அடித்தாயிற்று. ஐபிவி6 இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, எந்த வருஷம் என்று ஞாபகமில்லை, வேறு பேனாவில் நானும் டிஎன்எஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன்.